பாதிக் கிணறு தாண்டினால் வேலை கிடைக்குமா?

ஒரு கம்ப்யூட்டர் பரீட்சை. அதற்கு 2 தாள்கள்.

முதல் தாளில் பாஸ். இரண்டாவது தாளை எழுதவே இல்லை. கையில் பணம் இல்லை. அல்லது வீட்டில் ஒரு கல்யாணம் வந்துவிட்டது. அல்லது கொல்லையில் அறுவடை.

பாஸ் செய்த அந்த ஒரு தாளுக்கு மதிப்பு உண்டா? அதைக் காட்டி வேலை கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் எல்லாப் பரீட்சைக்கும் இது பொருந்தாது. சில பரீட்சைகளில் பாதிக்குப் பாதி மதிப்பு உண்டு. சிலவற்றில் பாதிக்கு ஒரு காசு கூட மதிப்பு இல்லை! எது எந்த ரகம் என்பது பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம்தான்.

தெரியாமல் கட்டிவிட்டு, பிறகு விழிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

தொலைநோக்கி உண்டு, டவர் இல்லை!

ஜவ்வாது மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய 3 மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. இங்கு பெரும்பாலும் வாழ்கிறவர்கள் 'மலையாளி' என்ற பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டு, கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் பேசுவது தமிழ்தான்.

சாமை, தேன், புளி, பலாப்பழம். இவைதான் மலையின் செல்வம்.

இந்த மலையில் காவலூர் என்று ஒரு ஊர். அங்கே உள்ள வானிலாய்வுக் கூடத்தில் 93 அங்குலக் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி இருக்கிறது. 1986-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி வந்து அதைத் தொடங்கி வைத்தார். வைனு பாப்பு என்ற விஞ்ஞானியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

கோடி கோடி மைல்களுக்கு அப்பால் உள்ள நட்சத்திரம் இந்த மலையிலிருந்து தெரிகிறது. ஆனால் மலையின் உட்புறத்தில் உள்ள சில சிற்றூர்களில் செல்போனில் பேசவேண்டுமானால், மேட்டைத் தேடிப் போய் நிற்கவேண்டும்!

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பையனோ பெண்ணோ கம்ப்யூட்டர் பரீட்சைக்குப் படிப்பது எளிதல்ல. சோம்பேறித்தனத்தால் பாதியில் நிறுத்துகிறவர்கள் எங்கும் உண்டு. மலையில் பாதியில் நிற்பதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. பஸ் ஒரு காரணம். பணம் ஒரு காரணம். பருவமழை ஒரு காரணம்.

பாதியில் நிறுத்த முடியாத பரீட்சை

இந்த மலையில் உள்ள புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற பழங்குடிப் பெண், சிவில் நீதிபதி தேர்வில் வெற்றி பெற்ற செய்தி 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 23. தமிழ்நாடே அவரைப் பாராட்டியது.

தேர்வு நாள் வந்தபோது அவர் பிள்ளை பெற்றுச் சில நாட்களே ஆகியிருந்தன. பச்சை உடம்போடு 200 கிலோ மீட்டருக்கு மேல் பயணம் செய்து, சென்னைக்குப் போய் அவர் பரீட்சை எழுதினார்.

அந்தப் பரீட்சையின் அமைப்பு அப்படி. முதலில் ஒரு முதல்நிலைத் தேர்வு. அதில் தேறியவர்களுக்கு மெயின் தேர்வு. அதன் பிறகு நேர்முகத் தேர்வு. முதல்நிலையில் தேறிவிட்டு மெயின் தேர்வை எழுதாமல் விட்டால், அந்த வெற்றி அடுத்த தடவைக்கு உதவாது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

பாதிக் கிணறு தாண்டினால் எங்கே விழுவோம் என்று சொல்லத் தேவையில்லை!

எல்லாப் பரீட்சையும் இப்படிக் கிணறு அல்ல. சில பரீட்சைகள் மாடிப்படி போல. 10-வது படியில் நின்றாலும், தரையில் நிற்பதைவிட உயரம்தான்.

டைப் அடித்த தலைமுறை

மாடிப்படிக்கு நல்ல உதாரணம், நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த டைப்ரைட்டிங் பரீட்சை.

அதில் லோயர் என்றும் ஹையர் என்றும் இரண்டு உண்டு. ஆங்கிலத்தில் லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 வார்த்தை. ஹையர் என்றால் 45 வார்த்தை. லோயர் பாஸ் செய்தவுடன் அதற்கென்று தனிச் சர்டிபிகேட் கையில் கிடைத்துவிடும். ஹையர் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அது செல்லும்.

அரசுப் பணியாளர் தேர்வாணையம் தட்டச்சர் வேலைக்கு ஆள் எடுக்கும் முறையைப் பாருங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்தவர்களுக்கு முதல் இடம். தமிழில் ஹையர், ஆங்கிலத்தில் லோயர் என்றால் அடுத்த இடம். தமிழில் லோயர், ஆங்கிலத்தில் ஹையர் என்றால் அதற்கும் அடுத்த இடம்.

பாதியில் நிற்பவருக்கும் வரிசையில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்!

இரண்டிலும் லோயர் மட்டும் வைத்திருந்தால்? அந்த வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. எந்தப் பாதி செல்லும், எந்தப் பாதி செல்லாது என்பதைச் சட்டத்திலேயே வரையறுத்து வைத்திருக்கிறார்கள். இதைவிடத் தெளிவாக ஒரு விதியை யாரும் எழுத முடியாது.

இன்னொன்றும் உண்டு. தட்டச்சர்கள் 'ஆபீஸ் ஆட்டோமேஷன்' என்ற கம்ப்யூட்டர் சர்டிபிகேட்டும் வாங்கியிருக்க வேண்டும். அது இல்லாதவர்களும் தேர்வு எழுதலாம். வேலையில் சேர்ந்து, தகுதிகாண் பருவம் முடிவதற்குள் வாங்கிக்கொண்டால் போதும். முதலில் வேலை, பிறகு மீதிப் படிப்பு! மலையில் உள்ள ஒரு குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது, கையில் சம்பளம் இல்லாமல் படித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கம்பெனி கொடுக்கும் பட்டம்

கம்ப்யூட்டர் துறையில் கல்லூரிப் பட்டம் தவிர வேறு ஒரு வகைப் பட்டமும் உண்டு. சாமானைச் செய்து விற்கிற கம்பெனியே பரீட்சை நடத்தி, "இவருக்கு எங்கள் சாமானைக் கையாளத் தெரியும்" என்று எழுதிக் கொடுப்பது அது. வேலைக்கு எடுக்கிறவர்கள் அதற்கு மதிப்புக் கொடுக்கிறார்கள்.

சிஸ்கோ என்பது ஓர் அமெரிக்கக் கம்பெனி. இன்டர்நெட்டில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் செய்தி போக வழி காட்டும் கருவிகளைச் செய்கிறது. அது நடத்தும் முதல் பெரிய பரீட்சைக்கு 'சி.சி.என்.ஏ.' என்று பெயர். கட்டணம் 300 டாலர். நம் பணத்தில் 25 ஆயிரம் ரூபாய்க்கு மேல்! தோற்றால் பணம் திரும்பாது. மறுபடியும் முழுப் பணம் கட்டவேண்டும்.

முன்பெல்லாம் இந்தப் பரீட்சையை இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். முதல் பாதியில் பாஸ் செய்தால் 'சி.சி.இ.என்.டி.' என்ற சிறு பட்டம் கிடைக்கும். மீதியைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். பணம் குறைந்தவர்களுக்கு நல்ல ஏற்பாடு.

2020-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி இந்த ஏற்பாடு முடிந்தது. அன்று முதல் சி.சி.என்.ஏ. ஒரே பரீட்சை ஆகிவிட்டது. சிறு பட்டம் நிறுத்தப்பட்டது. முதல் பாதியை மட்டும் முடித்துவிட்டு, "மீதியை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்தவர்கள் கதி? சி.சி.என்.ஏ. வேண்டுமானால் புதுப் பரீட்சையை முழுவதும் எழுதவேண்டியதுதான்.

படியில் நின்றவர்கள் தப்பு செய்யவில்லை. படியையே எடுத்துவிட்டார்கள்!

ஆச்சரியம் என்னவென்றால், அதே நாளில் அதே கம்பெனி மேல் வகுப்பில் புதிய படி ஒன்றைக் கட்டியது. 'சி.சி.என்.பி.' என்பது அடுத்த பட்டம். அதற்கு 2 பரீட்சைகள். இப்போது அவற்றில் ஒன்றை மட்டும் பாஸ் செய்தாலும், 'ஸ்பெஷலிஸ்ட்' என்ற தனிப் பட்டம் கொடுக்கிறார்கள். அதற்கு 3 ஆண்டு ஆயுள். அந்த 3 ஆண்டுக்குள் மற்றொன்றையும் முடித்தால் முழுப் பட்டம்.

ஆக, கீழ் வகுப்பில் பாதிக்கு மதிப்பில்லை. மேல் வகுப்பில் உண்டு. ஒரே கம்பெனியில் இப்படி!

இரட்டை மாட்டு வண்டி

'காம்ப்டியா' என்ற அமைப்பு 'ஏ பிளஸ்' என்று ஒரு பரீட்சை நடத்துகிறது. கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கும் வேலைக்கு ஏற்றது. இதற்கும் 2 தாள்கள்.

ஒரு தாளில் மட்டும் பாஸ் என்றால் சர்டிபிகேட் கிடையாது. இரண்டும் வேண்டும். அதிலும் ஒரு நிபந்தனை. இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்த தாள்களாக இருக்கவேண்டும். பழைய வரிசையில் ஒன்று, புதிய வரிசையில் ஒன்று என்று எழுதினால் செல்லாது.

2025-ம் ஆண்டு மார்ச்சில் புதிய வரிசை வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பழைய வரிசையை மூடிவிட்டார்கள். பழையதில் ஒரு தாள் முடித்து, மற்றதை எழுதாமல் இருந்தவர்களிடம் இப்போது இருப்பது இரட்டை மாட்டு வண்டிக்கு ஒற்றை மாடு. இன்னொரு மாடு சந்தைக்கே வராது!

மைக்ரோசாப்ட் கதை

இந்தத் துறையில் பழையவர்கள் யாரைக் கேட்டாலும் 'எம்.சி.எஸ்.இ.' கதையைச் சொல்வார்கள்.

1990-களின் பிற்பகுதியில் சென்னையில் அந்தப் பட்டத்துக்கு ஒரே மோகம். பயிற்சி நிலையங்கள் நிரம்பி வழிந்தன. மைக்ரோசாப்ட் கம்பெனி கொடுத்த பட்டம் அது. விண்டோஸ் என்.டி. 4.0 காலத்தில் அதற்கு 6 பரீட்சைகள் எழுதவேண்டும். 6-ம் எழுத எத்தனை பேரால் முடியும்? ஆனால் அந்தக் கம்பெனி ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. ஒரே ஒரு பரீட்சை பாஸ் செய்தாலும் 'எம்.சி.பி.' என்ற பட்டம் கொடுத்தது. 6-ல் ஒன்று முடித்தவரும் பெயருக்குப் பின்னால் 3 எழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

பிறகு விண்டோஸ் 2000 வந்தது. பழைய எம்.சி.எஸ்.இ. பட்டம் 2001-ம் ஆண்டு முடிவோடு செல்லாது என்று கம்பெனி அறிவித்தது. பட்டம் வாங்கியவர்கள் கொதித்து எழுந்தார்கள். 2001 அக்டோபரில் கம்பெனி இறங்கிவந்தது. வாங்கிய பட்டம் வாங்கினபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டது.

முழுவதும் முடித்தவர்கள் பிழைத்தார்கள். 6-ல் 4 முடித்து நின்றவர்களுக்கு அந்த 4-ஐ 6 ஆக்கும் வழி அடைபட்டுக்கொண்டே வந்தது. முக்கியமான என்.டி. பரீட்சைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. அவர்களுக்கு மிஞ்சியது அந்த 3 எழுத்துத்தான். அதுவும் சும்மா இல்லை. கையில் காட்ட ஒரு காகிதம் இருந்தது. வேலைக்கு எடுக்கிறவருக்கு அந்தக் காகிதத்தின் பொருள் தெரிந்திருந்தது.

எம்.சி.எஸ்.இ. வரிசையே 2021-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதியோடு மூடப்பட்டது. அதன் இடத்தில் வந்த புதிய பட்டங்களில் பல, ஒரே பரீட்சையோடு முடிந்துவிடுகின்றன.

'பி.ஏ. பெயில்'

வெள்ளைக்காரர் காலத்தில் சிலர் பெயர்ப் பலகையில் 'பி.ஏ. பெயில்' என்று எழுதிக்கொண்டதாகச் சொல்வார்கள். இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது. "பி.ஏ. வரை போனேன், தேறவில்லை" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார்கள்.

இன்று வேலைக்கு விண்ணப்பம் போடும் சிலர் என்ன செய்கிறார்கள்? சி.சி.என்.பி. முதல் பரீட்சையை மட்டும் முடித்துவிட்டு, 'சி.சி.என்.பி.' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடுகிறார்கள்.

இது ஆபத்து. இந்தப் பட்டங்களுக்கெல்லாம் எண் உண்டு. கம்பெனியின் கம்ப்யூட்டரில் அந்த எண்ணைத் தட்டினால், உண்மை ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பொய் வெளிப்பட்டால், உண்மையாகவே பாஸ் செய்த அந்த ஒரு பரீட்சையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

சிலர் இதற்கு நேர்மாறு. முழுப் பட்டம் இல்லையே என்று வெட்கப்பட்டு, முடித்த பாதியையும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். இதுவும் தவறுதான்.

"சி.சி.என்.பி. முதல் தாள் இந்த மாதத்தில் தேறியிருக்கிறேன். இரண்டாவது தாள் இந்த மாதத்தில் எழுதப்போகிறேன்" என்று தேதியோடு எழுதினால் போதும். தேதி முக்கியம். 6 மாதத்துக்கு முன்பு முதல் தாள் எழுதியவர், படித்துக்கொண்டிருப்பவர். 6 ஆண்டுக்கு முன்பு எழுதிவிட்டு "படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்பவரைப் பற்றி வேலை கொடுப்பவர் என்ன நினைப்பார்?

சர்டிபிகேட் கிடைக்காத பாதிக்கும் ஒரு வகையில் பயன் உண்டு. ஏ பிளஸ் முதல் தாளுக்குப் படித்தவர், கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டக் கற்றிருப்பார். அந்தக் கை வித்தையை யாரும் பிடுங்க முடியாது. பழுது பார்க்கும் கடையில் உட்கார்ந்து செய்துகாட்டினால் வேலை கிடைக்கும். ஆனால் பெரிய கம்பெனிகள், நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைக் காகிதத்தைப் பார்த்தே கழிக்கின்றன. அங்கே கையைக் காட்டும் நேரமே வராது.

ஐ.ஐ.டி. கட்டிய படிக்கட்டு

சென்னை ஐ.ஐ.டி. 2020-ம் ஆண்டு ஒரு புதுமை செய்தது. இன்டர்நெட் மூலம் படிக்கும் 'டேட்டா சயன்ஸ்' பட்டப் படிப்பைத் தொடங்கியது.

இதில் 4 படிகள். முதல் கட்டத்தை முடித்துவிட்டு நிறுத்தினால் அடிப்படைச் சான்றிதழ். அதற்கு மேல் டிப்ளமோ. அதற்கும் மேல் பி.எஸ்சி. கடைசிவரை போனால் 4 ஆண்டு பி.எஸ். பட்டம். எந்தப் படியில் நின்றாலும் வெறுங்கையோடு போகவேண்டியதில்லை!

பிளஸ்-2 முடித்தவர்கள் சேரலாம். எந்தப் பாடப் பிரிவாக இருந்தாலும் சரி. 10-ம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருக்கவேண்டும். முதலில் சில வாரங்கள் பாடம் நடத்தி, ஒரு தகுதித் தேர்வு வைக்கிறார்கள். அதில் தேறினால் இடம். கட்டணத்தை மொத்தமாகக் கட்டவேண்டாம். எடுக்கும் பாடத்துக்கு மட்டும் கட்டினால் போதும். பழங்குடி மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. குடும்ப வருமானம் மிகவும் குறைவாக இருந்தால் 75 சதவீதம் வரை தள்ளுபடி.

பாடத்தை வீட்டிலிருந்து கேட்கலாம். பரீட்சையை மட்டும் மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுதவேண்டும். மலையிலிருந்து இறங்கிவர வேண்டும். ஆங்கிலத்தில் பாடம் கேட்டுப் புரிந்துகொள்ளவும் வேண்டும். எளிய படிப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து நடத்தும் 'என்.பி.டி.இ.எல்.' பாடங்கள் வேறு வகை. பாடம் இலவசம். பரீட்சைக்கு மட்டும் கட்டணம். வாரந்தோறும் கொடுக்கும் வீட்டுக் கணக்குகளுக்கு 25 மார்க். பரீட்சைக்கு 75 மார்க். வீட்டுக் கணக்கெல்லாம் போட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போகாவிட்டால் சர்டிபிகேட் இல்லை. ஆனால் பணமும் போகவில்லை, அறிவும் மிச்சம்!

மத்திய அரசின் 'நீலிட்' நிறுவனம் 'ஓ' லெவல், 'ஏ' லெவல், 'பி' லெவல் என்று பரீட்சை நடத்துகிறது. 'ஓ' முடித்தால் அதற்கே சர்டிபிகேட்.

பணம் கட்டுமுன்...

மலை மேல் ஜமுனாமரத்தூரில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தாலுகா ஆபீஸ் இருக்கிறது. இ-சேவை மையம், கூட்டுறவு சங்கம், ரேஷன் கடை எல்லாவற்றிலும் இன்று ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் வேலை உண்டு. இவற்றைப் பார்த்து வளரும் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிக்க ஆசைப்படுவது இயற்கை. கீழே டவுனில் உள்ள பயிற்சி நிலையங்களின் விளம்பரத் தாளும் பஸ் ஏறி மேலே வந்துவிடுகிறது.

அந்தத் தாளில் கட்டணத் தவணை இருக்கும். சம்பளம் இவ்வளவு என்று இருக்கும். பாதியில் நின்றால் என்ன கிடைக்கும் என்று மட்டும் இருக்காது.

புளி விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறும் தகப்பனார், அங்கே போய் 4 கேள்விகள் கேட்கலாம்.

"எத்தனை பரீட்சை? ஒன்று மட்டும் பாஸ் செய்தால், அதற்குத் தனிச் சர்டிபிகேட் உண்டா? அது எத்தனை வருஷம் செல்லும்? மீதியை எழுதுவதற்குள் பரீட்சை மாறிவிட்டால் என் பிள்ளை மறுபடியும் முதலிலிருந்து எழுதவேண்டுமா?"

இன்னொன்றையும் கேட்கலாம். சர்டிபிகேட் கொடுப்பது யார்? பயிற்சி நிலையமா, பரீட்சை நடத்தும் கம்பெனியா? "எங்களிடம் 6 மாதம் படித்தார்" என்று பயிற்சி நிலையம் கொடுக்கும் தாள் வேறு. கம்பெனியோ அரசாங்கமோ பரீட்சை வைத்துக் கொடுக்கும் பட்டம் வேறு. இரண்டும் பளபளப்பான தாளில்தான் வருகின்றன. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் ஒன்று போலத்தான் இருக்கும்!

பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் அன்றைக்கே பணம் கட்டவேண்டிய அவசரம் எதுவும் இல்லை. ஒரு நடை அதிகமாகும். அவ்வளவுதான்.

குறைந்த செலவில் தொடங்க நினைக்கும் குடும்பத்துக்கு டைப்ரைட்டிங் லோயர் இன்றும் மோசமான படி அல்ல. அந்தப் பரீட்சை ஆண்டுக்கு 2 தடவை நடக்கிறது. பிப்ரவரியில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. மலையில் புளி உலுக்கத் தொடங்குவது பிப்ரவரியில்தான். அப்போது வீட்டில் எல்லாக் கையும் மரத்தடியில் இருக்கவேண்டும். ஆகஸ்டுப் பரீட்சைக்கு எழுதிப் போடுவதே வசதி. சாமைக் கொல்லையில் அப்போதும் வேலை உண்டு. ஆனால் ஒரு பிள்ளை 2 நாள் கீழே போய் வந்தால், மற்றவர்கள் சமாளித்துக்கொள்வார்கள்.